வாழவந்தியில் வாழ்ந்த அம்மையார்
(சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



கொல்லிமலையைக் குறித்துப் பேசுமாறு காரியதரிசியார் பணித்தபொழுது, வல்வில் ஓரியின் புகழையே யான் எடுத்துரைப்பேன் எனப் பலரும் எண்ணியிருப்பீர்கள். ஓரியைப் பாடப் புலவர் பலர் உளர். அம்மலையில் குடித்தனம் நடத்திய இல்லக்கிழத்தி ஒருவரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். அவர் எவெலின் பிராண்ட் என்னும் ஆங்கில மாது.

இவர் 1879-இல் பிறந்து, இலண்டன் மாநகரிற் செல்வக் குடியில் வளர்ந்தவர், ஓவியம் பயின்றவர். கிறிஸ்தவ ஊழியராகிய ஜெஸ்ஸி பிராண்ட் என்பாரை 1913-இல் மணந்து, வாழவந்தி என்னும் மலையூரிற் குடிபுகுந்தார். வாழ வந்தவர்க்கு ஊர்ப்பெயரும் வாய்ப்பாக அமைந்தது! இன்று எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்து மலையேறுகின்றது. அந்நாளில் பாதையே இல்லை. நடத்தல் வேண்டும், அன்றேல் டோலியிற் செல்லுதல் வேண்டும். வீடு கட்டும் மரங்களும் கூலியாட்களின் தலைச்சுமையாகவே ஏறின.

கணவர் ஓராண்டு மருத்துவப் பயிற்சி பெற்றவர். நரம்புச்சிலந்தியால் வருந்திய மலைமக்களுக்கு அவர் மருந்திட்டார், தச்சும் கட்டடத் தொழிலும் கற்பித்தார், கனிமரங்கள் நட்டார். அம்மையார் நோயாளரைப் பேணினார், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். தொற்றுக் காய்ச்சலால் மாண்ட பூசாரி ஒருவரின் பெண்மகவும் அவ்வீட்டில் வளர்ந்தது.

ஆசிரியனாகிய யான் பெரிதும் மகிழும் செய்தி ஒன்றுண்டு. அவர்தம் மகன் பால், 1914-இற் பிறந்தவன், வீட்டினுள் அமர்ந்து படிக்க மறுத்து மரத்தின்மேல் ஏறிக்கொள்வானாம். அன்னையார் அதட்டவில்லை. மரக்கிளையே வகுப்பறையாயிற்று. கணக்கை முடித்துத் தாளைக் கயிற்றிற் கட்டிக் கீழே இறக்குவான். அவர் மரத்தடியில் நின்று திருத்தித் தருவார். என் வகுப்பில் ஒருவன் இவ்வாறு செய்யின் பிரம்பைத் தேடியிருப்பேன். அச்சிறுவன் மண்ணையும் மரத்தையும் கற்ற பள்ளி அதுவே. வயல்வரப்பில் தவளை பிடித்தாடிச் சேற்றைக் கலக்கிய சிறுவரை மலைமுதியவர் ஒருவர் நிறுத்தி, கைப்பிடி மண்ணைக் காட்டி, மண் போயின் சோறு போம் என உணர்த்தியதனைப் பால் முதுமையிலும் மறவாது எழுதியுள்ளார்.

இனி, எனக்கு நெருடலான பகுதிக்கு வருகின்றேன். 1923-இல் கணவனும் மனைவியும் ஒன்பது வயதுப் பாலையும் அவன் தங்கையையும் கல்வியின் பொருட்டு இலண்டனிலிருந்த உறவினரிடம் விட்டு, மலைக்கு மீண்டனர். தந்தையை அச்சிறுவன் மறுபடி காணவே இல்லை. 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்ச் சுரத்தால் தமது நாற்பத்து நான்காம் வயதில் மறைந்தார். தந்தி முன்னே சென்றது; அவர் முன்னரே மகனுக்கு எழுதிய மடலோ கப்பலேறிப் பின்னே சென்றது. இறந்த தந்தையின் மடலைக் கையில் ஏந்திய பிள்ளையின் நிலையை எண்ணுங்கள்!

பிறர் மகவை வளர்த்தவர் பெற்ற மகவைப் பிரிந்தது தகுமா? அவரிடம் மனக்குறை கொண்டே பன்னாள் இருந்தேன். ஆனால் நாமக்கல்லைச் சுற்றியுள்ள விடுதிப் பள்ளிகளுக்கு நம் பிள்ளைகளைப் பெட்டியும் படுக்கையுமாக அனுப்பும் நாம் எவ்வாயால் அவரைக் குறைகூறுவது? நாம் மதிப்பெண்ணுக்காகப் பிரிகின்றோம். எம் வீட்டிலும் இது நிகழ்ந்ததுண்டு. அன்றிரவு என் மனைவி உண்ணவில்லை. அம்மையாரும் அன்றிரவு உண்டிருப்பார் என்று யான் நம்பவில்லை.

கைம்மை எய்தியபின் அவர் சீமைக்குச் சென்று, சிறிது காலத்திற்குப்பின் இந்தியாவுக்கே திரும்பினார். பால் மருத்துவராகி 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்துப் பெரும்புகழ் பெற்றார். மறு ஆண்டு, அறுபத்தெட்டாம் வயதில், அம்மையார் சங்க ஊழியத்தினின்று ஓய்வு பெற்றார். ஓய்வு ஏட்டளவில்தான்! கணவரோடு கனாக் கண்ட பிற மலைகளும் உளவென்று மீண்டும் மலையேறினார், கல்வராயனுக்கும் சென்றார். 'பிராண்ட் பாட்டி' என்ற பெயரும் நிலைத்தது. மட்டக்குதிரைமேற் செல்வார், விழுவார், இடுப்பெலும்பு முறிந்தும் இரு மூங்கிற்கோல் ஊன்றி எழுவார். இறங்கி வந்து இளைப்பாறுமாறு மகன் வேண்டியும் இணங்கிலர். இறுதி இருபதாண்டுகள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்திலராம்! இதனைப் பின்பற்றுமாறு நம் மகளிரிடம் கூறும் துணிவு எனக்கில்லை. ஆடவரிடம் கூறுவதும் அரிது.

தொண்ணூற்றைந்தாண்டு வாழ்ந்து, 1974 டிசம்பரில் அவர் மறைந்தார். மலைமேற் கொணர்ந்து, வாழவந்தியில் நாற்பத்தைந்து ஆண்டுகட்கு முன் அடக்கம் செய்யப்பெற்ற கணவரின் பக்கலிலேயே அவரை அடக்கினர். ஆடியில் ஓரி விழாக் காணச் செல்லும் நம்மவர், வழியில் அவ்வூரிலும் சற்று நின்று வருவீர்களாக.