கற்பிக்கிறவரும் களத்தில் நிற்கட்டும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் – இளைஞர் கூட்டத்தில் கராத்தே வகுப்பின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பொன்விழாக் கூட்டத்தில் கராத்தேக்கு என்ன வேலை என்று சிலர் முணுமுணுப்பது எங்கள் காதில் விழாமல் இல்லை. ஜெபமாலை கேட்க வேண்டிய வேளையில் கோவில் வளாகத்தில் கூச்சல் கேட்கிறதே என்பது அவர்கள் குறை. புனித தொன் போஸ்கோ சிறுவனாயிருந்தபோது சந்தைகளில் வித்தை காட்டும் கழைக்கூத்தாடிகளைக் கூர்ந்து பார்த்து, அவர்கள் செய்ததையெல்லாம் வீட்டில் பழகி, பிறகு ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, ஜெபம் பாதி வித்தை பாதியாக ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தார் என்பது நமக்கெல்லாம் தெரிந்த வரலாறு. ஆகையால் கூச்சலுக்கு அவரே எங்களுக்காகப் பரிந்து பேசட்டும். நாங்கள் பேச வந்தது வேறு விஷயம்.

"இரண்டு வருஷமாகியும் என் பையனுக்குப் பச்சை பெல்ட் கூட வரவில்லை. டவுனில் ஒரே வருஷத்தில் பிளாக் பெல்ட் தருகிறார்களாம்" என்று சொல்லிச் சில பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். மூன்று வரிசை நின்ற இடத்தில் இப்போது இரண்டு வரிசைதான் நிற்கிறது. இன்னும் சிலர் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். மில்லில் ஷிப்ட் பார்த்துச் சம்பாதித்த காசில் பீஸ் கட்டுகிற தகப்பனார் கணக்குப் பார்ப்பது நியாயம். அந்தக் கணக்கை எதை வைத்துப் போடுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

எங்கள் மாஸ்டர் தம் பெயரை இங்கே சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், சொல்லவில்லை. அவர் போட்டிகளில் நின்று பரிசு வாங்கியவர், இன்றைக்கும் போட்டிக்குப் பெயர் கொடுக்கிறவர் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறோம். சனிக்கிழமை விடிகாலையில் திருவண்ணாமலை அடிவாரம் வரை ஓடித் திரும்பும்போது அவர் சைக்கிளில் ஏறிக்கொண்டு விசில் ஊதுவதில்லை, எங்களோடு ஓடுகிறார். (திருவண்ணாமலை என்றதும் வெளியூர் விருந்தினர் வடக்கே உள்ள தீப மலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை. புரட்டாசி மாதச் சனிக்கிழமைகளில் பெருமாளைச் சேவிக்க வருகிற கூட்டத்தால் அந்தச் சாலையே நிறைந்துவிடும். அன்று மட்டும் எங்கள் ஓட்டம் ராஜபாளையம் சாலைக்கு மாறிவிடும்.) வகுப்பு தொடங்கியதும் அவரே முதல் வரிசையில் நின்று, சென்ற வாரம் சேர்ந்த பொடியன் செய்கிற அதே அடிப்படைக் குத்தை அவனோடு சேர்ந்து எண்ணி எண்ணிச் செய்கிறார். இப்படிப்பட்டவரிடம் கற்பதால் வருகிற லாபம் பெல்ட்டின் நிறத்தில் தெரியுமா என்று நாங்கள் எங்களுக்குள் பேசிப் பார்த்தோம். கராத்தே பிறந்த இடத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தும் பார்த்தோம்.

கராத்தே என்றதும் காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் தொடக்கம் என்று மேடைதோறும் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அது பழங்கதை, வரலாற்றுச் சான்று வலுவானதன்று. நமக்குச் சிலம்பம் இருக்கிறது, தெற்கே போனால் அடிமுறை இருக்கிறது. இரவல் பெருமை எதற்கு? கராத்தே வளர்ந்தது ஜப்பானின் தென்கோடியிலுள்ள ஒகினாவாத் தீவில். அங்கே 1868-ல் பிறந்த ஃபுனாகோஷி கிச்சின் என்ற பள்ளி ஆசிரியர்தான் அதை ஜப்பானின் பெருநகரங்களுக்குக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர். 1922-ல் தோக்கியோவில் செய்துகாட்டினார். பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு இரவில் ஆசான் வீட்டு முற்றத்தில் நின்று கற்றவர் அவர். கட்டா என்பது எதிரி இருப்பதாகப் பாவித்துச் செய்யும் வரிசை முறை. தெக்கி என்ற பெயருள்ள மூன்று கட்டாக்களுக்கு மட்டும் இதோசு என்னும் ஆசானிடம் அவர் பத்து ஆண்டுகள் செலவிட்டார். மூன்றுக்குப் பத்து வருஷம்! அந்தப் பத்து வருஷத்தில் அவர் இடுப்பில் எந்த நிறப் பெல்ட் இருந்தது என்று கேட்டால், எதுவும் இல்லை. அப்போது கராத்தேயில் பெல்ட்டே கிடையாது. ஜூடோவை வகுத்த கனோ ஜிகோரோவின் முறையைப் பார்த்து, 1924-ல் ஃபுனாகோஷி தம் மாணவர் சிலருக்குக் கறுப்புப் பெல்ட் கொடுத்தார். அதிலிருந்துதான் கராத்தேக்குப் பெல்ட் வந்தது. கொடுத்தவர் அது இல்லாமலேயே கற்றவர் என்பதைப் பெற்றோர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

நம் நாட்டில் இந்தக் கலைக்குக் கூட்டம் சேர்ந்தது 1973-ல் வெளிவந்த "எண்டர் தி டிராகன்" படத்துக்குப் பிறகுதான். புரூஸ் லீ செய்தது கராத்தே அல்ல, அவருடைய வேர் சீனக் குங்ஃபூவில் இருந்தது என்று எங்கள் மாஸ்டர் திருத்துவார். பார்த்த பையன்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, எல்லாரும் கராத்தே வகுப்பைத் தேடி ஓடினார்கள். மதுரையில் பிறந்து சென்னையில் கராத்தேயும் வில்வித்தையும் கற்பித்த ஷிஹான் ஹுசைனி அவர்களைத் திரைப்படங்களில் பார்த்துச் சேர்ந்தவர்களும் உண்டு. அவர் 2025 மார்ச் 25 அன்று மறைந்தார். நோய் முற்றியது தெரிந்ததும், தம் உடலை மருத்துவக் கல்விக்குக் கொடுப்பதாக அவரே அறிவித்தார். அவர் செய்தவை எல்லாவற்றையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இறந்த பின்னும் மாணவர்களுக்குப் பாடமாக இருக்க முன்வந்த ஓர் ஆசிரியரை நம் பக்கத்து மாவட்டம் தந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இனி நாங்கள் சொல்ல வந்த இருவருக்கு வருகிறோம். இருவரும் ஒகினாவாக்காரர்கள். ஒருவர் சகுமோதோ, மற்றவர் கியுனா.

நம் சிலம்ப ஆசான்களின் வீடுகளில் சில அடிகளைப் பிள்ளைக்கு மட்டும் சொல்லி, ஊராருக்கு மறைத்துவிடுவது உண்டல்லவா? அதுபோல ஒகினாவாவில் நகாயிமா என்ற குடும்பத்தார் ரியூயீ-ரியூ என்ற ஒரு முறையை வீட்டுக்குள்ளேயே பல காலம் காத்துவந்தார்கள். நகாயிமா கென்கோ என்ற பெரியவர்தான் பிற்காலத்தில் வெளியாருக்கும் கதவைத் திறந்தார். அவரிடம் கற்றவர் சகுமோதோ ட்சுகுவோ. ஆசிரியத் தொழிலில் இருந்தவர். பிறருக்குக் கற்பிக்கிற வயதில், இனி எதற்குப் போட்டி என்று பலர் ஒதுங்கும் வயதில், உலகப் போட்டிகளில் இறங்கி 1984, 1986, 1988 ஆகிய மூன்று முறையும் கட்டாப் பிரிவில் உலகப் பட்டம் பெற்றார். மூன்றாவது பட்டம் வாங்கும்போது அவருக்கு ஏறக்குறைய நாற்பது வயது. எதிரே நின்றவர்களில் பலர் அவருடைய மாணவர் வயதினர். தோற்றிருந்தால் அவருடைய மாணவர்கள் முன்னால்தான் தோற்றிருப்பார்.

கியுனா ரியோ பிறந்தது 1990-ல். ஐந்து வயதில் கராத்தே தொடங்கி, பள்ளியில் படிக்கும்போதே சகுமோதோவிடம் வந்து சேர்ந்தார். வருஷத்தில் ஒரு நாள்கூட விடாமல் பயிற்சி என்பது அந்த ஆசிரியரின் ஏற்பாடு. (தீபாவளி, கிறிஸ்துமஸ், பரீட்சை, பாட்டி வீடு என்று எங்களுக்கு வருகிற விடுமுறைகளை எண்ணிப் பார்த்து வெட்கப்பட்டோம், எங்களில் சிலர் வெட்கப்பட்டதோடு சரி.) ஆசிரியரைப் புகழாக்கிய அதே கட்டாவைக் கியுனாவும் கற்று மேடையேறினார். 2014, 2016, 2018 என்று ஆசிரியரைப் போலவே தொடர்ந்து மூன்று முறை உலகப் பட்டம். கொரோனாவால் ஓராண்டு தள்ளி 2021-ல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில்தான் கராத்தே முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அந்த ஆகஸ்ட் 6 அன்று, பார்வையாளர்கள் அனுமதிக்கப்படாத புதோகான் அரங்கில், ஸ்பெயின் நாட்டு வீரர் குயின்டெரோவை வென்று தங்கம் பெற்றார். வென்றதும் துள்ளிக் குதிக்கவில்லை. களத்தில் மண்டியிட்டு அமர்ந்து தலைவணங்கினார். பதக்கம் வாங்கும்போது, காலமாகிவிட்ட தம் தாயாரின் படத்தைக் கையில் பிடித்திருந்தார். அதே ஆண்டு நவம்பரில் துபாயில் நான்காவது உலகப் பட்டம். ஆசிரியருடைய கணக்கு மூன்று, மாணவருடைய கணக்கு நான்கு.

இந்த இடத்தில் ஏகலைவன் கதையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தான் உயர்த்த நினைத்த சீடனை இன்னொருவன் மிஞ்சிவிடுவான் என்றதும் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்ட துரோணரும் குருதான். தம்மைப் புகழாக்கிய கட்டாவையே ஒரு பையனிடம் கொடுத்து, தம்மையே அவன் தாண்டிப் போகும்படி செய்தவரும் குருதான். எங்களுக்கு இரண்டாமவர் போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். கராத்தே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இல்லை; 2028 லாஸ் ஏஞ்சலிஸ் பட்டியலிலும் இல்லை. பதக்கக் கனவு காட்டி யாராவது உங்களிடம் பெரிய பீஸ் கேட்டால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

தோக்கியோவில் கியுனா வென்ற மறுநாள் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 75 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவின் இறுதிப் போட்டி. சவூதி அரேபியாவின் ஹமேதி நான்குக்கு ஒன்று என்று முன்னணியில் இருந்தார். அவர் உதைத்த ஓர் உதையில் ஈரானின் கஞ்சாதே நினைவிழந்து விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். தங்கம் யாருக்கு? விழுந்தவருக்கு. அடியை அடக்கத் தவறினார் என்று ஹமேதியைத் தகுதி நீக்கம் செய்தார்கள், அவருக்கு வெள்ளி. தீர்ப்பு மிகக் கடுமை என்று பலர் அப்போது பேசினார்கள். எங்கள் கருத்தில் அது சரியான தீர்ப்பே. ஓங்கிய கையை எதிராளியின் மூக்கு நுனியில் நிறுத்தத் தெரிவதுதான் கற்ற அடையாளம். ஓங்குவதற்கு ஒரு மாதம் போதும். நிறுத்துவதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று எங்கள் வரிசையில் நிற்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரே வருஷத்தில் பிளாக் பெல்ட் வாங்கிய கை, நாளைக்குப் பேருந்து நிலையத்தில் ஒரு வாய்ச்சண்டையில் ஓங்கினால் எங்கே நிற்கும்?

1957-ல் ஜப்பானில் நடந்த முதல் அகில ஜப்பான் போட்டியில் கனசாவா ஹிரோகசு என்பவர் எலும்பு முறிந்த கையோடு சண்டைப் பிரிவில் வென்றார். கூடாது என்று சொல்லப்பட்டும், தம் ஆட்டத்தைப் பார்க்கத் தாயார் வந்திருந்தார் என்பதற்காகக் களம் இறங்கினாராம். இந்தக் கதையை எங்கள் பையன்கள் கண் விரியக் கேட்பார்கள். ஆனால் எங்கள் வகுப்பில் கை முறிந்தவன் கட்டுப் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதுதான் விதி. கனசாவாவிடம் எங்களுக்குப் பிடித்தது வேறொன்று. சாம்பியனாகி, பல நாடுகளுக்குப் போய்க் கற்பித்து, தமக்கென ஓர் உலக அமைப்பையே 1978-ல் தொடங்கியவர், சீனத் தாய்ச்சி கற்பதற்காக வேறொரு ஆசிரியர் முன் மாணவராகப் போய் நின்றார். 2019-ல் மறைந்தார்.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசியில், ஓட்டப்பந்தயக்காரனையும் குத்துச்சண்டை வீரனையும் எடுத்துக்காட்டுகிறார். வெறுங்காற்றோடு மல்லுக்கட்டுகிறவனாக இருக்க அவர் விரும்பவில்லை. இதைப் பூசையில் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது உண்மை; கட்டா என்று நாங்கள் பாதி நேரம் குத்துவது காற்றைத்தானே! ஆனால் அந்தப் பகுதி முடிகிற இடத்தைப் பாருங்கள். தம் உடலைத் தாமே அடக்கிப் பழக்குவதற்கு அவர் சொல்லுகிற காரணம், பிறருக்குப் போதித்துவிட்டுத் தாமே தகுதியற்றவராக வெளியே தள்ளப்படக்கூடாது என்பது. ஆசிரியர், மூப்பர், உபதேசியார், தாய் தகப்பன், யாராயிருந்தாலும் கற்பிக்கிறவருக்கு இருக்கிற பயம் இது. எங்கள் மாஸ்டர் முப்பது பேருக்கு முன்னால் நின்று எண்ணிக்கொண்டே தாமும் குத்துவதும், மாணவன் வயதுப் பையனிடம் தோற்கக்கூடும் என்று தெரிந்தே போட்டிக்குப் பெயர் கொடுப்பதும் இந்தப் பயத்தால்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். அவர் இதை வாயால் சொன்னதில்லை. கேட்டாலும், "முதல்ல முட்டியை மடக்குடா தம்பி" என்றுதான் பதில் வரும்.

ஆகவே பெற்றோர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். பிள்ளையை நிறுத்துவதற்கு முன் ஒரு மாலை நேரில் வந்து பாருங்கள். பிள்ளையின் இடுப்பைப் பார்க்காமல், கற்றுக்கொடுப்பவரின் காலைப் பாருங்கள். அவரும் கூட நிற்கிறாரா என்று பாருங்கள். டவுன் வகுப்புக்கும் போய் அதையே பாருங்கள். அங்கேயும் அப்படி ஒருவர் நின்றால் தாராளமாகச் சேருங்கள், எங்களுக்கு வருத்தம் இல்லை.

பங்குப் பேரவைக்கும் ஒன்று கேட்கிறோம். மைதானத்தின் கிழக்கு மூலையில் ஒரு விளக்கு வேண்டும். பெண் பிள்ளைகள் வரிசை அந்தப் பக்கம்தான் நிற்கிறது. கார்த்திகை மாதத்தில் ஆறரை மணிக்கே இருட்டிவிடுகிறது. இருட்டுக்குப் பயந்து நான்கைந்து பேர் சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்கள். கட்டா கற்கும் நேரம் அவர்களுக்குத் தவறிப்போகிறது.

வகுப்பு திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறு மணிக்கு. மில்லில் முதல் ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கும் ஒத்துவரும் நேரம். பெரியவர்களும் சேரலாம், வெள்ளை பெல்ட்டோடு கடைசி வரிசையில் இடம் இருக்கிறது.