உண்டியலா, வங்கியா?

(2022 ஜூன் மாதம், ஜும்ஆத் தொழுகைக்குப் பின் ட்ரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)





கட்டாரிலோ சவூதியிலோ குவைத்திலோ ஒருவர் இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. லீவில் வந்திருக்கும் பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். "வீட்டுக்குக் காசை வங்கியில் அனுப்புவதா, உண்டியலில் அனுப்புவதா?" என்று எங்களிடம் கேட்காத நாளில்லை.

போன வருடம் இந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லாமல் இருந்துவிட்டோம். அப்போது வங்கியில் ஒரு டொலருக்குச் சுமார் 200 ரூபாய். உண்டியலில் முப்பது, நாற்பது ரூபாய் கூடக் கிடைத்தது. வெயிலில் உழைக்கிற பிள்ளையிடம் அதை வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை. அது எங்கள் பிழை.

இந்த வருடம் ஓர் உம்மா எங்களிடம் வந்தார். மகன் மூன்று மாதச் சம்பளத்தை உண்டியலில் கொடுத்திருக்கிறார். இங்கே காசு வரவில்லை. அங்கே வாங்கியவர் போன் எடுப்பதில்லை. கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. அந்த வீட்டுக்கு அரிசியும் பருப்பும் கொடுக்க எங்களால் முடிந்தது. மகனின் உழைப்பை மீட்டுக் கொடுக்க முடியவில்லை.

மார்ச் மாதம் ரூபாயின் மீதிருந்த கட்டுப்பாடு தளர்ந்தது. இன்று வங்கியிலேயே டொலருக்கு 350 ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. உண்டியலில் கிடைத்த மேலதிக இலாபம் பெரிதும் குறைந்துவிட்டது. ஆபத்து அப்படியே இருக்கிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். உண்டியலில் டொலர் நாட்டுக்குள் வருவதில்லை. அது அங்கேயே நின்றுவிடும். இங்கே யாரோ ரூபாயை மட்டும் தருகிறார். டொலர் இல்லாததால்தான் கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நிற்கிறோம், ஆஸ்பத்திரியில் மருந்தில்லை. அதோடு, முன்பின் தெரியாதவர் உங்கள் கணக்கில் போடும் காசு தவறான வழியில் வந்ததாக இருந்தால், விசாரணை உங்கள் வீட்டுக்குத்தான் வரும். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டமும் அனுமதி பெற்றவர்கள் ஊடாகவே இதைச் செய்யச் சொல்கிறது.

"வங்கியில் போட்டால் காசு திரும்பி வருமா?" என்று சிலர் பயப்படுகிறார்கள். தட்டுப்பாடு டொலருக்குத்தான். வருகிற காசை ரூபாயாக எடுப்பதற்குத் தடையில்லை. பயமிருந்தால் தேவையானதை அன்றே எடுத்துவிடுங்கள்.

ஆகவே சில விடயங்களைக் கேட்டுக்கொள்கிறோம்:

அனுப்பும் இடத்தில் விலையை மட்டும் கேட்காதீர்கள். கட்டணம் கழிந்து வீட்டில் எத்தனை ரூபாய் கையில் கிடைக்கும் என்று இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள்.

ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு. முடிந்தால் மாதத்துக்கு ஒரு தடவையாகச் சேர்த்து அனுப்புங்கள்.

புதிய வழியென்றால் முதலில் சிறிய தொகையை அனுப்பிப் பாருங்கள்.

பற்றுச்சீட்டைப் படமெடுத்து வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள்.

உம்மாவுக்கோ மனைவிக்கோ சொந்தப் பெயரில் கணக்குத் திறந்து கொடுங்கள். இரகசிய இலக்கத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

ஏற்கனவே உண்டியலில் காசு சிக்கியிருந்தால் திகதி, தொகை, பெயர் எல்லாவற்றையும் சாட்சிகளோடு எழுதி எங்களிடம் கொண்டு வாருங்கள். வெட்கப்பட வேண்டாம். கடனை எழுதி வைக்கும்படி குர்ஆனே (2:282) கட்டளையிட்டிருக்கிறது. தெரிந்தவர்தானே என்று நாம்தான் அதை விட்டுவிட்டோம்.

வங்கிப் படிவம் நிரப்பத் தெரியாத தாய்மார்கள் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். நாங்கள் நிரப்பித் தருகிறோம். அதற்குக் கட்டணமில்லை.

பிள்ளைகளின் உழைப்பு நம் கையில் இருக்கும் அமானிதம். அதைப் பேணி நடக்க அல்லாஹ் நம் எல்லோருக்கும் அருள் புரிவானாக.

வஸ்ஸலாம்.