கொசஸ்தலை ஆற்றின் கல்லேடு



எண்ணூரில் கடலோடு கலக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கு எழுத்துக்கு முந்திய ஏடொன்று உண்டு. அதன் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்து ஓடைக்கரையே அவ்வேடு. 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், அவ்வாண்டிலேயே வில்லியம் கிங்குடன் இங்கும் கற்கருவிகளைக் கண்டார்.

ஓடையில் கிடக்கும் கல்லெல்லாம் கருவியன்று. நீர் உருட்டிய கூழாங்கல் வழவழப்பாயிருக்கும்; மனிதன் செதுக்கிய கற்கோடரியிலோ இருமுகத்திலும் சில்லுகள் பெயர்ந்த தடங்களும் ஓரத்தில் கூர்மையும் தெரியும். ஆயினும் வடிவம் மட்டுமே காலத்தை உரைத்துவிடாது. சாந்தி பப்பு குழுவினர் அடுக்கடுக்காய் அகழ்ந்து, கல்லையும் மண்ணையும் ஒருங்கே ஆராய்ந்து, தொல்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என்று 2011இல் நிறுவினர். விலங்குகளின் புதைபடிவப் பற்களும் அங்கே கிடைத்தன.

பொறுக்கியெடுத்து அலமாரியில் வைத்த கல் தன் மண்ணடுக்கை இழக்கிறது. அதனோடு தன் வரலாற்றையும் இழக்கிறது. பாடலினின்று பிய்த்தெடுத்த சொல்லின் நிலையும் அதுவே. கண்ட பொருளைக் கண்ட இடத்திலேயே விட்டு, தொல்லியல் துறைக்கு அறிவித்தலே முறை.

அதே ஆற்றின் கழிமுகத்தில், எண்ணூரில், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. அதுவும் ஓர் அடுக்கே. ஆற்றைப் பாடும் வடசென்னைக் கவிஞர் இவ்விரண்டு அடுக்கையும் அறிந்து பாடுதல் வேண்டும்.