தோள் வலியும் அறுவைச் சிகிச்சையும்

கேமரன் மலையில் தேயிலைச் செடி இடுப்பளவுதான் உயரம். அப்படியிருந்தும் நம் வீடுகளில் தோள் வலிக்குக் கோடாலித் தைலம் தீராத நாளில்லை. கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்து, சரிவில் காலை ஊன்றி, மேல்வரிசைச் செடிக்குக் கையை எட்டிக் கத்தரி போடுகிறோம். பிறகு மூட்டையை லோரியில் ஏற்றுகிறோம். தோள் எத்தனை தாங்கும்?

கையை உயர்த்தும்போது நடுவழியில் சுரீரென்று குத்தும். கொண்டை முடியவும் கொடியில் துணி போடவும் முடியாது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போய்விடும். இதை வாயு என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் நோவது, தோள்பட்டை எலும்பின் முனைக்கு அடியில் செல்லும் தசைநாண்.

அந்த எலும்பு தசைநாணை நசுக்குகிறது என்று அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் நீர் 1972இல் எழுதினார். எலும்பின் அடிப்பகுதியைச் செதுக்கி இடம் உண்டாக்கும் அறுவையையும் விளக்கினார். அது உலகெங்கும் பரவியது. ஆனால் பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் 313 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. எலும்பைச் செதுக்கிக்கொண்டவர்களும், துளையிட்டு உள்ளே பார்த்ததோடு விடப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறியிருந்தார்கள். ஆகவே, வெட்டாமல் பயிற்சி சொல்லி அனுப்பும் டாக்டரை நாம் குறை கூறவேண்டாம். பயிற்சியை விடாமல் மூன்று மாதமாவது செய்யவேண்டும். நம்மில் பலர் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறோம்.

சரிவில் விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியவில்லையென்றால் காத்திருக்கலாகாது. தசைநாண் அறுந்திருக்கலாம். இடத்தோள் வலியோடு மார்பு இறுக்கமும் வியர்வையும் வந்தால் அது தோள் நோயே அல்ல, இருதயமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

பயிற்சியால் தீராமல் சிலருக்கு அறுவை நடக்கிறது. அதன்பின் வேலை வீட்டாருடையது. எலும்பை மட்டும் செதுக்கியிருந்தால் தூளிக்கட்டு சில நாளைக்குத்தான். விரலையும் முழங்கையையும் அன்றே அசைக்கலாம். மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, மற்றக் கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டவேண்டும். வலிக்குப் பயந்து கையை மார்போடு ஒட்டி வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அறுந்த தசைநாணைத் தைத்திருந்தால் கதை வேறு: நான்கு முதல் ஆறு வாரம் கட்டு இருக்கும், டாக்டர் சொல்லாமல் கையைத் தானாகத் தூக்கவே கூடாது. காயம் சிவந்து சீழ் கண்டாலும் காய்ச்சல் வந்தாலும் திரும்பிப் போகவேண்டும்.

எடைக்குக் கூலி வாங்குகிறவருக்கு வீட்டிலிருப்பது எளிதல்ல. இரண்டாம் வாரமே கூடையை எடுக்கத் தோன்றும். பாரம் தூக்கும் வேலைக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். வேலையில் பட்ட காயமென்றால் சொக்சோ உண்டு: எம்.சி. நான்கு நாளுக்குக் குறையாதிருந்தால் தற்காலிக ஊனத் தொகை கேட்கலாம். அதற்கு, விழுந்த அன்றே கங்காணியிடமும் ஆபீசிலும் சொல்லிப் பதிந்துகொள்ளவேண்டும். எம்.சி. தாளை அரிசி டின்னுக்கு அடியில் வைத்துத் தொலைத்தவர்கள் நம்மில் உண்டு. அதைப் பத்திரப்படுத்துங்கள்; தண்ணீர் வாளியை அந்த மூன்று மாதமும் பிள்ளைகள் தூக்கட்டும்.