சிறு நகரில் நடனப் பயிற்சி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாட்டியத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் பணித்தபோது தயங்கினேன். நான் கலைஞன் அல்லன். ரயில்வே அலுவலகத்தில் கோப்பு எழுதும் குமாஸ்தா. என் படிப்போ மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்டது. ஆயினும், தன் மகளுக்கு நடனம் கற்பிக்க இந்தப் பிலாஸ்பூரில் ஐந்தாறு ஆண்டுகளாக அலையும் தகப்பன் என்ற ஒரு தகுதி எனக்கு உண்டு. அதைக் கொண்டே பேசுகிறேன்.

நமது சங்கக் கட்டடத்தில் நடந்து வந்த நடன வகுப்பு சென்ற ஆண்டு நின்றுபோயிற்று. கற்பித்த அம்மையாரின் கணவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பத்து நாட்களில் குடும்பம் புறப்பட்டுவிட்டது. ரயில்வேக் குடியிருப்பில் இது புதுமையன்று. ஆனால் அலாரிப்பு முடித்து ஜதிஸ்வரத்தில் கால் வைத்திருந்த பதினொரு குழந்தைகள் நடுவழியில் இறக்கிவிடப்பட்டார்கள். இன்று அவர்கள் ஆடியது கைப்பேசியைப் பார்த்துத் தாங்களே பழகிய ஆட்டம். அழகாகவே இருந்தது, நானும் கைதட்டினேன். எனினும், ஓராண்டுக்கு முன் திண்ணமாக அமர்ந்த அரைமண்டி இன்று ஒருவரிடமும் இல்லை என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இனி என்ன செய்வது? கோடை விடுமுறையில் பாஸ் எடுத்துக்கொண்டு சென்னைக்குச் சென்று இரண்டு மாதம் கற்றால் போதாதா என்று கேட்பவர் உண்டு. நாங்கள் இரு கோடைகள் அவ்வாறு செய்தோம். அங்கே கற்றது ஒரு பாணி. இங்கே முன்பு கற்றது வேறொரு பாணி. அடவு ஒன்றேயாயினும் கை நீட்டும் விதம் வேறு, சொல்லும் சொற்கட்டும் சிற்சில இடங்களில் வேறு. குழந்தை குழம்பியது. மீதிப் பத்து மாதம் கண்காணிப்பார் இன்றிக் கால்கள் மறந்தன. 2020ஆம் ஆண்டில் நோய்த்தொற்றுக் காலத்தில் கைப்பேசி வழியே பாடம் கேட்டோம். ஆசிரியை அங்கே தட்டுக்கழியால் தட்டும் ஓசை இங்கே சற்றுத் தாமதித்து வந்தது. தாளத்தை உயிராகக் கொண்ட கலைக்கு அந்தச் சிறு தாமதமே பெருந்தடை. முகம் தெரிந்தால் பாதம் தெரியாது. பாதத்தைக் காட்டினால் முகம் மறையும். தெரிந்ததை மறவாமல் காக்க அது உதவும். புதிதாகக் கற்க உதவாது.

ஆகவே இவ்வூரிலேயே ஆசிரியர் வேண்டும். இவ்விடத்தில்தான் நம்மில் சிலரோடு எனக்குக் கருத்து வேற்றுமை. ஊரில் பரதம் கற்பிக்கும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். அவர் தமிழர் அல்லர். தமிழ்ப் பதத்தை அவர் உச்சரிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரலாம். அதற்காக, "நம் கலையை அவரிடமா கற்பது?" என்று கேட்பது நியாயமா? அவர் பயின்றது கைராகர் இந்திரா கலா சங்கீதப் பல்கலைக்கழகத்தில். அரச தம்பதியர் தங்கள் அரண்மனையையே தந்து 1956இல் தோன்றிய அக்கலைக்கூடம் நமக்கு அயலூரில் இல்லை; டோங்கர்கர் நிலையத்தில் இறங்கிப் பேருந்து ஏறினால் போய்விடலாம். அங்கே பரதமும் முறையான பாடம்.

ருக்மிணி தேவி அம்மையாரின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். அவர் முதலில் நாடியது ரஷ்ய நாட்டு நர்த்தகி அன்னா பாவ்லோவாவை. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே நடனம் கற்றார். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று அவரைத் தூண்டியதும் அந்தப் பாவ்லோவாவே. பின்னர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்று, 1935இல் அடையாற்றில் அரங்கேறி, 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். அயல்நாட்டவர் ஒருவர் நம் கலைக்கு வழிகாட்டியிருக்க, அயல்மொழிக்காரர் ஒருவர் கற்பிப்பதில் என்ன குறை? பதத்தின் பொருளையும் உச்சரிப்பையும் சொல்லித்தர நம் வீட்டுப் பாட்டிமார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வேலையாகும்.

ஆசிரியரை எடைபோடுவது எப்படி என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். வகுப்பில் ஒரு மணி நேரம் ஓரமாக அமர்ந்து பாருங்கள். தட்டடவையும் நாட்டடவையும் மூன்று காலத்திலும் செய்யச் சொல்கிறாரா? முழங்கால் உள்நோக்கி மடிந்தால் நிறுத்தித் திருத்துகிறாரா? மூன்றே மாதத்தில் மேடையேற்றுகிறேன் என்பவரிடம் கவனமாக இருங்கள். அலாரிப்பிலிருந்து தில்லானா வரையில் தஞ்சை நால்வர் வகுத்த வரிசையை அவசரத்தில் தாண்ட முடியாது. பாலே நடனத்திலும் இதே கதைதான். நுனிக்காலில் நிற்கும் காலணியைப் பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகே, எலும்பு ஓரளவு முதிர்ந்த பின்னரே தருவார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்கள் சற்று நெகிழ்ந்து கொடுக்கும் மரத்தளத்தில் ஆடுகிறார்கள். பழைய ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுகள் சிலவற்றில் துரைமார்கள் ஆடுவதற்கென்று மரத்தளம் இட்டிருந்தார்கள். நம் கூடத்திலோ சிமெண்டின் மேல் வழவழப்பான டைல். அதில் அன்றாடம் ஓங்கித் தட்டினால் பிஞ்சுக் கால்கள் நோகும். ஜமக்காளம் விரித்தால் வழுக்கும். ஒரு மூலையிலாவது பலகைத் தளம் அமைக்கவேண்டும். இதற்குச் செலவாகும், மண்டபத்துக்குப் புதிய வண்ணம் பூசும் யோசனையை ஓராண்டு தள்ளிவைத்தால் அந்தச் செலவு வந்துவிடும்.

தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அகில பாரதீய காந்தர்வ மகாவித்யாலய மண்டல் பரதத்துக்குப் படிப்படியாகத் தேர்வுகள் நடத்துகிறது. பெற்றோர் எவ்வூருக்கு மாற்றலானாலும் குழந்தை எதுவரை கற்றது என்பதற்கு அந்தத் தாள் சாட்சி சொல்லும். நம்மைப் போன்றோருக்கு அதுவே பெரும்பயன். 10 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மத்திய அரசின் பண்பாட்டு வள மையம் உதவித்தொகை வழங்கும் திட்டமும் உண்டு. ஆண் குழந்தைகளையும் அனுப்புங்கள். பழைய நட்டுவனார்களில் பெரும்பாலோர் ஆண்கள்தாமே!

அந்த அம்மையாரிடம் நானும் செயலாளரும் பேசிவிட்டோம். சனி, ஞாயிறு மாலைகளில் நமது கூடத்துக்கே வருவதற்கு இசைந்திருக்கிறார். குறைந்தது எட்டுக் குழந்தைகளாவது சேரவேண்டும், சம்பளம் மாதம் முதல் வாரத்தில் தவறாமல் கிடைக்கவேண்டும் என்பவை அவருடைய நிபந்தனைகள். விடுபட்ட ஜதிஸ்வரத்தை உடனே தொடரமாட்டாராம். அனைவரும் தட்டடவிலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும் என்கிறார். என் மகள் அதைக் கேட்டு இரண்டு நாள் அழுதாள், இப்போது இசைந்துவிட்டாள். இதுவரை ஐந்து பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. இன்னும் மூன்று வேண்டும். விருந்து முடிந்து புறப்படும்போது வாயிற்படியருகே மேசையில் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன்.