சுருங்கத் தெரிந்த விரல்கள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



இறம்பொடை மழையைப் பற்றி இங்கே யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மழையில் நனைந்தபடி கொழுந்து பறித்துவிட்டு வீடு வரும் அம்மாவின் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருப்பதைப் பார்த்துத்தான் நாம் வளர்ந்தோம். "தண்ணியில ஊறிப்போச்சு" என்பார்கள். நாமும் அப்படியே நம்பினோம்.

அது பாதி உண்மைதான். நீரில் சற்று நேரம் இருந்ததும், நரம்புகள் விரல் நுனியின் இரத்தக் குழாய்களை ஒடுக்குகின்றன. உள்ளே சதை சற்று வற்றுகிறது. மேலே தோலின் பரப்பு குறைவதில்லை. மிஞ்சிய தோல் மடிந்துதானே ஆகவேண்டும்? நரம்பு பாதிக்கப்பட்ட விரல் நீரில் சுருங்காததை லூயிஸ், பிக்கரிங் என்ற இரு பிரித்தானிய வைத்தியர்கள் 1936இல் எழுதினார்கள். 1973இல் ஓ'ரியன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இதையே ஓர் எளிய நரம்புப் பரிசோதனையாக முன்வைத்தார்.

உள்ளே சுருங்கினால் மேலே மடியும் என்ற இதே விதியை, பல்பகுதியம் என்று நாம் இரசாயனவியலில் படித்த பொருட்களிலும் பயன்படுத்துகிறார்கள். 1998இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் சிலிக்கன் இறப்பரைச் சூடாக்கி விரியவைத்து, மெல்லிய தங்கப் படலம் இட்டு ஆறவிட்டார்கள். இறப்பர் சுருங்கியது, தங்கம் அலையலையாக மடிந்தது. 2003இல், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பேராசிரியர் எல். மகாதேவன், என்ரிக் செர்டாவுடன் சேர்ந்து மடிப்புகளின் இடைவெளிக்குக் கணக்கு எழுதினார். மேற்படலம் தடித்தால் மடிப்பு அகலும். அடியிலுள்ளது இறுகினால் மடிப்பு நெருங்கும்.

இழுத்துப் பிடித்தால் தெளிவாகி, விட்டதும் மடிந்து, நமது மலை மூட்டம்போல் ஒளியைச் சிதறடிக்கும் யன்னல் தாள்கள் இப்படித்தான் உருவாகின்றன. சிறுநீர்க் குழாயின் உட்சுவரை வேண்டியபோது அசைத்து, அதில் படிந்த கிருமிப் படலத்தை உரித்தெடுக்கும் முறையை டியூக் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். சூழலுக்கு ஏற்ப மாறும் இவற்றை 'ஸ்மார்ட்' பொருட்கள் என்கிறார்கள். அம்மாவின் விரலும் அப்படி ஒன்றுதான். ஆனால் அதை இயக்குவது உயிருள்ள நரம்பு.

ஆகவே இன்று ஒரு வேண்டுகோள். அம்மாவின், மாமியின் இரு கைகளையும் 40 பாகை செல்சியஸ் வெந்நீரில் அரை மணித்தியாலம் வைத்துப் பாருங்கள். சூட்டை முதலில் உங்கள் முழங்கையால் சோதியுங்கள். மரத்த கைக்குச் சூடு தெரியாது. சில விரல்கள் மட்டும் வழவழப்பாகவே இருந்தாலோ, இரு கைகளிலும் சுருக்கமே விழாவிட்டாலோ வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். நீரிழிவாக இருக்கலாம், மணிக்கட்டில் நரம்பு நெரிபடலாம், தொழுநோயாகவும் இருக்கலாம். இது நோயை உறுதிசெய்யாது. தேடிப் பார்க்கச் சொல்லும், அவ்வளவே. தொழுநோய் என்றாலும் வெட்கப்பட எதுவுமில்லை. அது மருந்தால் குணமாகும்; அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசம்.

அடுப்பில் விரல் சுட்டதுகூடத் தெரியாமல் போன பிறகுதான் பலர் எங்களிடம் வருகிறார்கள். இழந்த உணர்வை அப்போது முழுதாக மீட்டுத்தர எங்களால் முடிவதில்லை.

கொழுந்து பறித்த கைகள்தான் நம்மை இந்தப் பள்ளிக்கு அனுப்பின. அந்தக் கைகளை இன்றிரவு ஒருமுறை பிடித்துப் பார்ப்போம்.