கொடை அல்ல, பிடித்து வைத்த கூலி

(மரக்காணம் பகுதி உப்பளத் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு வார்த்தையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். வேலையை விட்டுப் போகிறபோது முதலாளி தர வேண்டிய பணத்துக்குத் தமிழில் 'பணிக்கொடை' என்று பேர். ஆபீஸ் பாஷையில் கிராஜுவிட்டி. கொடை என்றால் கொடுக்கிறவன் மேலே நிற்கிறான், வாங்குகிறவன் குனிகிறான். பொங்கலுக்குப் பழம்புடவை கொடுப்பதும் கொடைதான். இது அது இல்லை. இருபது வருசம் உழைத்ததில் கைக்கு வராமல் நின்றுபோன கூலி இது.

1930இல் உப்புக்காக வேதாரண்யத்துக்கு நடந்தவர்களைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். உப்பின் மேல் போட்ட வரி சரித்திரமாச்சு. உப்பு வாருகிறவளின் வெந்துபோன கால் சரித்திரமாகவில்லை. கோடை முழுக்கப் பாத்தியில் நிற்கிறாள். ஐப்பசி மழை இறங்கினால் அளம் முழுகுது, வேலை நிக்குது. மழைக்காலத்துக்கென்று தமிழக அரசு அறிவித்த 5,000 ரூபாய் நிவாரணம் அரசு தருவது. முதலாளியின் கணக்கு அதோடு தீர்ந்துவிடாது.

"நீ சீசன் ஆளு, உனக்கு ஒண்ணும் கிடையாது" என்று ஒரு கணக்கப்பிள்ளை சொன்னால் நம்பாதீர்கள். 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டமே சீசன் தொழிலாளியையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்துக்கு 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் இந்த உரிமை இருக்கிறது. வருசம் முழுக்க வேலை பார்க்கிறவருக்கு வருசத்துக்குப் பதினைந்து நாள் கூலி. சீசனில் மட்டும் வேலை பார்க்கிறவருக்குச் சீசனுக்கு ஏழு நாள் கூலி. அளம் நடந்த நாட்களில் முக்கால் பங்கு நாள் வேலைக்கு வந்திருந்தால் அந்த வருசம் கணக்கில் சேரும். பொதுவாக ஐந்து வருசம் வேண்டும். செத்துப்போனாலோ, உடம்பு முடமாகி வேலைக்கு வர முடியாமல் போனாலோ அந்த ஐந்து வருசக் கணக்கும் கிடையாது.

கணக்குக்காகக் கூலி 500 ரூபாய் என்று வைப்போம். இருபது சீசன் உழைத்தவளுக்கு 140 நாள் கூலி, 70,000 ரூபாய். அதே பெண்ணை மழை நாளில் கிடங்கில் மூட்டை பிடிக்கவும், சீசனுக்கு முன்னால் வரப்புக் கட்டவும் வைத்திருந்தால்? அவள் வருசம் முழுக்க உழைத்தவள். 300 நாள் கூலி, ஒன்றரை லட்சம். 'சீசன்' என்கிற ஒரு சொல்லில் பாதிக்கு மேல் போய்விடுகிறது, பாருங்கள்.

ஆட்குறைப்பு இழப்பீடு என்பது வேறு. வருசத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை ஆள் அதிகம் என்று நிறுத்தினால், ஒரு மாத நோட்டீசும் வருசத்துக்குப் பதினைந்து நாள் கூலியும் தர வேண்டும். பணிக்கொடையும் இதுவும் ஒன்றுக்கொன்று ஈடு இல்லை.

சட்டம் இப்படி இருக்க, பணம் ஏன் வரவில்லை? பத்துப் பேர் வேலை பார்க்கிற இடத்துக்குத்தான் இந்தச் சட்டம். அளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு மேஸ்திரி பேரில் நாலு பேர், ஐந்து பேர் என்று காட்டினால் சட்டம் வாசலிலேயே நின்றுவிடும். வருகைப் பதிவேடு இல்லை, கூலிச் சீட்டு இல்லை என்றால் இருபது வருச உழைப்புக்குச் சாட்சி இல்லை.

பத்துப் பேரை எண்ண வேண்டுமென்றால் சேரிப் பேரும் ஊர்ப் பேரும் ஒரே தாளில் வர வேண்டும். இங்கேதான் சாதி முதலாளிக்குக் கூலியில்லாக் காவல்காரனாக நிற்கிறது. 2013 ஏப்ரலில் மரக்காணத்தில் எரிந்தவை தலித் வீடுகள். அதை மறந்துவிட்டுக் கைகோர்க்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சாதியால் பிரிந்து நிற்கிற அளத்தில் ஊர்க்காரிக்கும் அந்த ஏழு நாள் கூலி வராது. இதை அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். 1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்கள் முன்னால் அம்பேத்கர், பார்ப்பனியம், முதலாளியம் என இரண்டு எதிரிகளைச் சேர்த்தே காட்டினார். ஒன்றை விட்டு ஒன்றோடு மட்டும் மல்லுக்கட்ட முடியாது என்பது இந்த அளத்திலேயே தெரிகிறது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. துண்டறிக்கை பிறகு போடலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு தாயிடமும் உட்கார்ந்து எந்த வருசம் அளத்துக்கு வந்தாள், யாருடைய பாத்தி, எத்தனை நாள், என்ன கூலி, கூட வேலை பார்த்தது யார் என்று எழுதுங்கள். வேலையை விட்டதும் முப்பது நாளுக்குள் முதலாளிக்கு மனு போக வேண்டும், நகல் நம் கையில் இருக்க வேண்டும். மனு வராவிட்டாலும் கணக்குப் பார்த்துச் சொல்வது முதலாளியின் கடமை. அவர் முப்பது நாளில் தராவிட்டால் வட்டியோடு கேட்கத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் போகலாம்.

அவர்களிடம் பதிவேடு இல்லாவிட்டால் போகட்டும். நம்மிடம் இருக்கட்டும்.